டீச்சர்கள் கழிப்பறையின் சாவி

இன்று காலை மேலநீலிதநல்லூர் பஸ்ஸில் மூக்குக்கண்ணாடியைத் தேடிக் கைப்பையைத் துழாவினால், முதலில் கைக்கு வந்தது உன் சாவிதான். துருப்பிடித்து, கட்டியிருந்த சிவப்பு நூலும் வெளுத்துவிட்டது. பக்கத்து சீட்டுக்காரி பார்க்கப் பார்க்கத் தனியாகச் சிரித்துக்கொண்டேன். நீ செத்துப்போய், வருகிற ஆடித்தபசுத் திருவிழாவோடு இரண்டு வருஷம் ஆகிறது.

நம் பள்ளிக்கூடத்தில் பிள்ளைகளுக்குப் புதுக் கழிப்பறை கட்டியபோது நான் தலைமையாசிரியை, நீ கணக்கு டீச்சர். வெள்ளை ஓடு பதித்துப் பளபளவென்று இருந்தது. அழுக்காகிவிடுமே என்று திறப்புவிழா முடிந்த கையோடு பூட்டிவிட்டேன். அதிகாரிகள் வந்தால் திறந்து காட்டுவேன், போனதும் மறுபடி பூட்டு. அதில் எனக்குப் பெருமை வேறு. இப்போது நினைத்தால் வெட்கமாக இருக்கிறது.

ஒருநாள் ஏழாம் வகுப்புக் கோமதி அடிவயிற்றைப் பிடித்துக்கொண்டு பெஞ்சில் சுருண்டாள். ஆஸ்பத்திரி நர்ஸ் விசாரித்த பிறகுதான் தெரிந்தது, ஒதுங்க இடமில்லை என்று பள்ளிக்கூடம் விடும்வரை அவள் தண்ணீரே குடிப்பதில்லை. மறுநாள் அவள் அம்மா வந்து நின்றாள்.

"ஒதுங்கப் போற ஓடைப் பக்கம் பயலுவ நிக்கானுவ. புள்ளைய இனிமே அனுப்பல டீச்சர்."

நீ என்னிடம் சண்டைக்கு வரவில்லை. அன்றைக்கு இன்டர்வெல்லில் டீச்சர்கள் கழிப்பறைக்குப் போனால், அதன் கதவில் என் பூட்டு தொங்குகிறது. பிள்ளைகளுடையது விரியத் திறந்து கிடக்கிறது. என் மேஜை டிராயரிலிருந்து சாவியை எடுத்து இந்த வேலையைச் செய்தவள், முகத்தைப் பாவமாக வைத்துக்கொண்டு நின்றாய். மற்றவர் முன்னால் "மேடம்" என்பவள், யாரும் இல்லாததால் "ஏட்டி" என்றாய்.

"ஏட்டி, அவசரம்னா அங்கன போ. நாம போற இடந்தான் சுத்தமா இருக்கும்."

திட்ட வாயெடுத்தேன். அவசரம் நிற்கவிட்டால்தானே. உள்ளே போனால் குழாயில் தண்ணீர் இல்லை, கதவுக்குத் தாழ்ப்பாள் இல்லை. ஒரு கையால் கதவை இழுத்துப் பிடித்தபடி நான் உட்கார்ந்திருக்க, வெளியே காவல் நின்று நீ சிரித்தாய், பாவி.

சாயங்காலமே பிளம்பர் வந்தார். பிறகு தாழ்ப்பாள், வாளி, சோப்பு, மூடி போட்ட குப்பைக்கூடை, சுத்தம் செய்ய வருகிற அக்காவுக்குக் கையுறையும் நீளப் பிரஷும். டீச்சர்களும் அங்கேயே போனதால், எது கெட்டாலும் அடுத்த மணி அடிக்குமுன் என் மேஜைக்குப் புகார் வந்துவிடும். கோமதியின் அம்மாவை நாம் இருவருமாகப் போய்க் கூட்டி வந்தோம். குழாயைத் திறந்து பார்த்தாள். தாழ்ப்பாளைப் போட்டுப் பார்த்தாள்.

"சரி, நாளைக்கு வருவா" என்றாள்.

அதற்குப் பிறகு அந்தப் பூட்டைத் திறக்கவே நீ விடவில்லை. நான் ஓய்வு பெற்ற அன்று சாவியை என் கையில் வைத்து, "தொலச்சிராத. தொறந்தும் பாக்காத" என்றாய். எனக்கு அழுகை வந்துவிட்டது.

இன்று நான் போனது ஒரு பள்ளிக்கூட ஆண்டு விழாவுக்கு. தலைமையாசிரியை சின்னப் பெண், நல்ல மரியாதை. டீச்சர்கள் கழிப்பறையைக் கை காட்டினாள். பிள்ளைகள் போவது எங்கே என்று கேட்டேன்.

"ஒரு நிமிஷம் மேடம். சாவி எடுத்துட்டு வாரேன்."

"இரும்மா. மொதல்ல ஒரு கதை சொல்லுதேன்" என்று உன் சாவியை எடுத்து அவள் மேஜைமேல் வைத்தேன். கதை முடிவதற்குள் அவளும் சிரித்துவிட்டாள்.

திரும்பி வரும்போது அவள் கழற்றித் தந்த பூட்டும் சாவியும் என் கைப்பையில் உன் சாவியோடு கிடந்தன. சங்கரன்கோவில் வரை சத்தம் போட்டுக்கொண்டே வந்தன.