ஐம்பத்தொன்பது தேசங்களுக்குக் கட்டில்

தருமபுரி, சேலம் ஜில்லா
14-3-1948

மாப்பிள்ளை சென்றாயன் அவர்களுக்கு, மாமனார் தீர்த்தகிரி ஆசீர்வாதத்துடன் எழுதுவது. இங்கு நானும், தங்கள் மனைவி சென்னம்மாளும், குழந்தையும் சுகம். லண்டனில் தாங்களும் சுகமென்று நம்புகிறேன்.

எழுதலாமா கூடாதா என்று யோசித்துவிட்டே எழுதுகிறேன். பிரசவத்துக்குத் தாய்வீடு வந்த பெண்ணை ஐந்தாம் மாதத்தில் புருஷன் வந்து அழைத்துப்போவது நம் இரு வீட்டு வழக்கம். அழைக்காமல் அவளாகப் போகக்கூடாது. நானாகக் கொண்டுவந்து விடவும் கூடாது. படிப்பு தையில் முடியும், உடனே வருகிறேன் என்றீர்கள். மாசியும் போயிற்று. குழந்தை தவழ்கிறான்.

சந்தையில் முறுக்கு விற்கும் ராமக்கா கேட்டாள்: "ஏனுங்க வாத்தியாரே, மாப்ள கப்பல்ல வராரா, நீந்தி வராரா?" சுற்றி நின்றவர்கள் சிரித்தார்கள். நானும் சிரித்துவைத்தேன். வீடு வந்தபிறகு, ஏன் சிரித்தோம் என்று என்மேலேயே ஆத்திரம் வந்தது. தாங்கள் தவறாக எடுத்துக்கொள்ள வேண்டாம்.

இப்படிக்கு,
தீர்த்தகிரி

லண்டன்
6-6-1948

மாமா அவர்களுக்கு வணக்கம்.

உடனே பதில் எழுத நேரமில்லை. ஜூலைக் கடைசியில் இங்கே ஒலிம்பிக் பந்தயம். அதன் தங்குமிட அலுவலகத்தில் எனக்கு வேலை கிடைத்திருக்கிறது. ஐம்பத்தொன்பது தேசங்கள், நாலாயிரம் பேருக்கு மேல்! குண்டு விழுந்து இடிந்த ஊர் அல்லவா, ஆட்டக்காரர்கள் தங்கப் புதிதாக ஊர் ஒன்றும் கட்டவில்லை. இருப்பதைக் கொண்டே சமாளிக்கிறோம். ஓட்டம் வெம்பிளியில்; துடுப்புப் படகு ஹென்லி என்ற ஊர் ஆற்றில்; துப்பாக்கி சுடுவது பிஸ்லியில்; பாய்மரப் படகுக்கு ரயிலேறி டார்க்கி கடற்கரைக்கே போகவேண்டும். ஆண்களுக்கு விமானப்படை முகாம்கள், பள்ளிக்கூடங்கள். பெண்களுக்குக் கல்லூரி விடுதிகள். யாரை எங்கே தங்கவைப்பது, எந்த பஸ் எங்கே போவது என்பதெல்லாம் எங்கள் மேஜையில்தான் முடிவாகிறது. துண்டு மட்டும் அவரவர் கொண்டுவர வேண்டும்.

ஆகஸ்டு வரை நான் அசைய முடியாது. சென்னம்மாளை இங்கே வரவழைக்கலாமென்றால் லண்டனில் குடியிருக்க இடமே கிடையாது. ரொட்டிக்கும் ரேஷன். தங்களைப்போல் படித்தவர்கள் முறுக்குக்காரி பேச்சைப் பொருட்படுத்தலாமா?

அன்புடன்,
சென்றாயன்

தருமபுரி
20-6-1948

மாப்பிள்ளை அவர்களுக்கு,

தங்கள் கடிதம் கிடைத்தது. அட்லஸை எடுத்து வைத்துக்கொண்டு ஒவ்வொரு இடமாகத் தேடினேன். டார்க்கியைக் கண்டுபிடிக்க வெகுநேரமாயிற்று. ஏற்பாடு மெச்சத்தக்கது என்றுதான் முதலில் எழுதினேன். அந்தத் தாளைக் கிழித்துவிட்டேன். இதைக் கிழிக்கப்போவதில்லை.

பெரு தேசத்தாருக்கு லண்டனில் கட்டில் இருக்கிறது. பர்மாக்காரருக்கு இருக்கிறது. முன்பின் பார்த்திராத நாலாயிரம் பேருக்குப் படுக்கையும் பஸ்ஸும் கண்டுபிடித்த தங்களுக்கு, தாலி கட்டியவளுக்கும் பெற்ற பிள்ளைக்கும் ஒரு மூலை அகப்படவில்லை! தேடி அகப்படாவிட்டால் வருத்தப்படலாம். தாங்கள் தேடவே இல்லை. தேடியிருந்தால் ஒரு வரியாவது எழுதியிருப்பீர்கள். குழந்தைக்குப் பல் முளைத்துவிட்டதா என்றுகூட அந்தக் கடிதத்தில் கேட்கவில்லை.

சென்னம்மாளும் படித்தாள். "துண்டு நானே கொண்டாந்துருவேன்னு எழுதுங்கப்பா" என்றாள். அவள் சிரிக்கவில்லை.

கடுமையாக எழுதிவிட்டேனோ என்று இப்போதே சந்தேகம் வருகிறது. இருக்கட்டும்.

தீர்த்தகிரி

லண்டன்
18-8-1948

மாமா அவர்களுக்கு,

பந்தயம் முடிந்து கொடியை இறக்கிவிட்டார்கள். நம் ஹாக்கிக் குழு வெள்ளைக்காரனை அவன் ஊரிலேயே ஜெயித்ததைப் பத்திரிகையில் பார்த்திருப்பீர்கள். நானும் கத்திக் கத்தித் தொண்டை கட்டிக்கொண்டேன்.

முகாம்கள் காலியாகிவிட்டன. என் திறமையைப் பார்த்து ஒரு ஹோட்டல் கம்பெனியில் இரண்டு வருஷத்துக்கு எடுத்துக்கொண்டார்கள். ஆகவே, சென்னம்மாளை அழைத்துப்போக அம்மாவை வரச்சொல்லியிருக்கிறேன். காரிமங்கலத்தில் எங்கள் வீட்டிலேயே இருக்கட்டும். அம்மாவுக்கும் மூட்டுவலி, வேலைக்குத் துணை வேண்டும்.

கோபமாக எழுதுவது தங்கள் சுபாவமில்லை. யாரோ தூண்டியிருக்கிறார்கள் என்று நினைக்கிறேன்.

சென்றாயன்

தருமபுரி
5-9-1948

சென்றாயனுக்கு,

என்னை யாரும் தூண்டவில்லை.

தங்கள் தாயார் பெரியம்மாள் வியாழக்கிழமை வண்டி கட்டிக்கொண்டு, தட்டில் பூவும் பழமும் வைத்துக்கொண்டு வந்தார்கள். "கெளம்பு கண்ணு. மவன் கூப்ட்டா என்ன, நான் கூப்ட்டா என்ன?" என்றார்கள்.

சென்னம்மாள் அவர்களுக்கு மோர் கொடுத்தாள். பிறகு சொன்னாள்: "உங்க மேல எனக்கு வருத்தமில்லீங்கத்தே. அவரு வந்து கூப்ட்டிருந்தா கூழு குடிச்சாவது கூட இருந்திருப்பேன். ஆள் வெச்சுக் கூப்புட நான் என்ன அடகு வெச்ச பாத்திரமா? வரலீங்க."

"வாத்தியாரே! பொண்ணு பேசறதப் பாத்துக்கிட்டு நிக்கறீங்களே!" என்று தாயார் என் பக்கம் திரும்பினார்கள்.

சத்தம் உயர்ந்தால் உள்ளே போய்விடுவது என் வழக்கம். ஊரே அறியும். அன்று போகவில்லை. "பாத்துக்கிட்டுத்தானுங்க நிக்கறேன், சம்மந்தியம்மா. அவ இன்னும் பேசணும்னாலும் பேசட்டும்" என்றேன்.

தாயார் அழுதார்கள். பேரனைத் தூக்கி முத்தமிட்டார்கள். வண்டி திரும்பியது. தாயாரை இங்கே அனுப்பிவிட்டுத் தாங்கள் அங்கே ஹோட்டலில் இருக்கிறீர்கள் என்று நினைத்தபோது என் கோபம் இரட்டிப்பாயிற்று.

கல்யாணத்தின்போது வேண்டாமென்று தாங்கள் நிறுத்திய டீச்சர் வேலையில் சென்னம்மாள் நாளை திரும்பச் சேருகிறாள். நான் ரிடையரானவன்; பகலில் பிள்ளையை நான் பார்த்துக்கொள்கிறேன்.

இனி எனக்கு எழுதவேண்டாம். எழுதுவதானால் அவள் பெயருக்குப் பள்ளிக்கூட விலாசத்துக்கு எழுதுங்கள். பிரிப்பதும் பிரிக்காததும் அவள் இஷ்டம். என்ன எழுதியிருக்கிறது என்று நான் கேட்கமாட்டேன்.

தீர்த்தகிரி