மணிச் சரத்தில் எடுத்த சிக்கு

பிப்ரவரி 3, திங்கள்
சங்கரா மீன் நல்லாப் போச்சு. டவுன்ஷிப் அம்மாங்க வெட்டித் தரச் சொல்லிக் கேட்டுகினே இருந்தாங்க, கை ஓயலை.

சாயங்காலம் ரஞ்சித்குமார் வந்தான். எங்க வீட்டுக்காரரோட ஒரே போட்டில் போனவன். "அண்ணி, அண்ணனோட தூண்டில் நரம்பு கூடையில சிக்கா கெடக்குதே, குடு, எடுத்துக்கினு போறேன்." அப்புறம் பார்க்கலாம் என்றேன்.

ஐப்பசியில் அவர் கடலிலேயே நெஞ்சைப் பிடித்துக்கொண்டு சாய்ந்தாரே, அன்னிக்கு வந்த கூடை. எங்கள் வீடுகளில் தூண்டில் நரம்பைச் சிக்கோடு வைக்க மாட்டோம். விளக்கு வைக்கிறதுக்குள் எடுத்துவிடுவோம். இதை மட்டும் தொடவில்லை.

பிப்ரவரி 5
எம் பொண்ணு கீர்த்தனா எம்.எஸ்சி. ரெண்டாம் வருஷம். அவங்கப்பா போன துக்கத்தில் செமினார் கொடுக்காமல் விட்டாள். ஹெலன் மிஸ் இரக்கப்பட்டு வர்ற திங்கள் கொடுக்கச் சொல்லியிருக்கிறார். இதையும் விட்டால் வருஷம் போச்சு.

எதைப் பத்திடி என்றேன். புரோட்டீன் என்றாள். சட்டியில் மீன் வெந்துகொண்டிருந்தது.
"கண்ணாடி மாதிரி இருந்துச்சு, சூடு பட்டு வெள்ளையாயிடுச்சில்ல? உள்ள மடிஞ்சி இருந்த புரோட்டீன் பிரிஞ்சி, ஒண்ணோட ஒண்ணு ஒட்டிக்கிச்சு."
திரும்பக் கண்ணாடி ஆகுமா?
"ஆவாதும்மா."
சோறு போட்டேன்.

மாமல்லபுரம் கடையில் கறுப்பும் வெள்ளையுமாப் பாசிமணி வாங்கி வந்திருக்கிறாள். எதுக்கென்று கேட்கவில்லை.

பிப்ரவரி 8, சனி
அவள் வெளியே போயிருந்தாள். அலமாரிமேல் ஒரு புது நரம்பு, மணியெல்லாம் மாட்டிக்கொண்டு கொசகொசவென்று. விளக்கு வைக்கிற நேரம். உட்கார்ந்து சிக்கெடுத்தேன். நேராக்கி ஆணியில் மாட்டினேன். மனசு லேசா இருந்துச்சு. ரொம்ப நாளைக்கப்புறம்.

வந்து பார்த்தாள். "இன்னாமா பண்ணி வெச்சிக்கீற! அதாம்மா புரோட்டீன்! மூணு நாளா மடிச்சேன்!"

சிக்குன்னு நெனச்சேன்டி. எனக்கு இன்னா தெரியும் — அவரும் போயிட்டாரு, இதுவும் என் கையாலயா போவணும்?

அவள் சாப்பிடவில்லை. நானும்.

பிப்ரவரி 9
காலையில் வந்து கேட்டாள். "மணி எதுனா உருவுனியா? மாத்திக் கோத்தியா?"
ஒண்ணுகூட இல்லை.
"அப்ப சரி."

வரிசை மாறாவிட்டால் அதே உருவத்துக்கு வருமாம். கறுப்பு மணி தண்ணிக்கு ஆகாதது, உள்ளே போய் ஒண்டிக்கும். வெள்ளை வெளியே நிற்கும். நிஜப் புரோட்டீனும் சிலது சூடு தணிந்தால் தானாவே மடிஞ்சிக்குமாம்.
சிலதுதானா?
"சிலதுதாம்மா."

நான் முனையைப் பிடித்தேன், அவள் மடித்தாள். முடித்ததும் அவளே பிரித்துவிட்டாள்! "எல்லார் முன்னாடியும் மடிச்சிக் காட்டப்போறேன். இதான் நல்லா கீது."

பிப்ரவரி 10
சரத்தை டிபன் டப்பாவில் போட்டுக்கொண்டு பஸ் ஏறினாள். இன்னிக்கு ரெண்டு மீனைத் தப்பா வெட்டிட்டேன்.

பாஸ். பிரிச்சி மடிக்கிற யோசனை யாரோடது என்று ஹெலன் மிஸ் கேட்டாராம். "எங்கம்மா சிக்குன்னு எடுத்துட்டாங்க மிஸ்" என்றாளாம். வகுப்பே சிரிச்சிச்சாம். எனக்கும் வந்தது.

பிப்ரவரி 12
கூடையை எடுத்தேன். நரம்பில் உப்பு பூத்திருந்தது. ரெண்டு முடிச்சு அவிழவில்லை, அறுத்தேன். கீர்த்தனா முனையைப் பிடித்துக்கொண்டாள். விளக்கு வைக்கிறதுக்குள் முடிந்தது.

ரஞ்சித்குமாரைக் கூப்பிட்டுக் கொடுத்தேன். "நானே எடுத்திருப்பேனே அண்ணி?"
"உனக்கு ஏதுடா பொறுமை" என்றேன்.

நரம்பு நாளைக்குக் கடலுக்குப் போகிறது.