சுவிச்சை அடைத்த கை

ஏழு வருடம் என்னை ‘தாயி’ என்று மட்டுமே கூப்பிட்ட என் மாமாவுக்கு,

நீங்கள் எங்களை விட்டுப் போய் வருகிற மாதத்தோடு மூன்று வருடம் ஆகிறது. இந்தக் கடிதத்தை நான் எப்போதோ எழுதியிருக்க வேண்டும். எழுத உட்காரும்போதெல்லாம் உங்களுக்குச் செய்து கொடுத்த சத்தியம் குறுக்கே வந்து நிற்கும். போன வாரம் அந்தச் சத்தியத்தை உடைத்துவிட்டேன். கோபப்படுவதென்றால் முழுவதையும் கேட்டுவிட்டுப் படுங்கள்.

முதலில் வீட்டுச் செய்தி. புந்தோங் பலகை வீட்டைக் காலி செய்துவிட்டோம். மலிவு விலை வீடு ஒன்று கிடைத்தது, கல் வீடு. என் வீட்டுக்காரர், உங்கள் மகன் செல்வம், இன்னும் கமுந்திங் தொழிற்சாலையில்தான். வாரக் கடைசியில் ஈப்போவுக்கு வந்து போகிறார். சுற்று வட்டாரத்தில் ஈயச் சுரங்கங்களை ஒவ்வொன்றாக மூடுகிறார்கள். எங்கள் வரிசையிலேயே நான்கு பேர் வேலையில்லாமல் வாசலில் உட்கார்ந்திருக்கிறார்கள். உங்கள் பேரன் குமரன் பள்ளிக்கூடம் போகிறான். உங்கள் காது மடல் அவனுக்கு அப்படியே.

இனி அந்தச் சனிக்கிழமை மத்தியானத்துக்கு வருகிறேன். உங்களுக்குத் தெரிந்ததையே சொல்கிறேன் என்று நினைக்காதீர்கள். இதைப் படிக்கப்போகிற மற்றவர்களுக்கும் தெரிய வேண்டும் அல்லவா?

எழுபதுகளின் கடைசி அது. பத்து காஜா ஆஸ்பத்திரியில் மூன்று வாரம் கிடந்துவிட்டு நீங்கள் வீடு வந்திருந்தீர்கள். முப்பது வருடம் ரப்பர் தோட்டத்துப் புகைவீட்டில் ஷீட்டு காயப்போட்ட நெஞ்சு. மத்தியானம் தகரக் கூரை சூடேறியதும் மூச்சு வாங்கும். நல்ல காற்றோட்டம் வேண்டும் என்று டாக்டர் சொல்லியிருந்தார். உங்கள் மகன் ஒரு மேசை விசிறி வாங்கி வந்தார். அது இரண்டு வாரம் பெட்டிக்குள்ளேயே இருந்தது. அந்த வீட்டில் பிளக் குத்த ஓர் இடம் கிடையாது. இரண்டு அறைக்கு இரண்டு பல்பு, அவ்வளவுதான்.

வீட்டுக்காரரான சீன முதலாளி, தௌக்கே, புதிதாக ஒயர் இழுக்கக் கூடாது என்று சொல்லிவிட்டார். பழைய பலகை வீடு, தீப்பிடிக்கும் என்று அவருக்குப் பயம். அதற்குத்தான் உங்கள் மகனின் கூட்டாளி மணியம் ஒரு வழி சொன்னார். அவர் ஒரு தொழிற்சாலையில் ஒயரிங் வேலை பார்ப்பவர். மேலே இருக்கிற பல்பு ஹோல்டரைக் கழற்றிவிட்டு, பக்கத்திலேயே பிளக் குத்த இடமுள்ள வேறு ஹோல்டரை மாட்டிவிடலாம், புது ஒயர் எதுவும் வேண்டாம், ஒரு விசிறிக்குத் தாங்கும் என்றார். விளக்கை மட்டும் அணைக்க அதில் ஒரு கயிறும் இருந்தது.

நீங்கள் வேண்டாம் என்றீர்கள். மூச்சுத் திணறினாலும் பரவாயில்லை, மேலே யாரும் கை வைக்கக் கூடாது என்றீர்கள். கிழவருக்குப் பிடிவாதம் என்று நான் அக்கம்பக்கத்தில் சொல்லிக்கொண்டு திரிந்தேன். உங்கள் மூத்த மகன் தங்கராஜு கரண்டு அடித்துச் செத்தது எனக்குத் தெரியும். ஆனால் எனக்குச் சொல்லப்பட்ட கதை வேறு. தோட்டத்து ரப்பர்ப் பால் கொட்டகையில் சுவிச்சை அடைத்து விளக்கை அணைக்காமலேயே அவசரப்பட்டு ஏணியில் ஏறிவிட்டார், இருபத்து மூன்று வயதில் போய்ச் சேர்ந்தார் என்றுதான் எல்லாரும் சொன்னார்கள். அதனால் உங்கள் பயம் எனக்குப் புரிந்தது. மணியம் அவசரக்காரர் இல்லையே, பிறகு ஏன் பயம் என்பதுதான் என் எண்ணம்.

அந்தச் சனிக்கிழமை உங்கள் மகன் ஊரில் இல்லை, மணியம் அரை நாள் வேலை முடித்து வந்தார். அவர் மனைவிக்கு அப்போது ஏழாம் மாதம். சீக்கிரம் முடித்துவிட்டு அவளைப் பார்க்கப் போக வேண்டும் என்றார். சாப்பாட்டு மேசையை நடு அறைக்கு இழுத்துப் போட்டேன். அவர் சுவரில் இருந்த சுவிச்சை அடைத்தார். பல்பு அணைந்தது.

நீங்கள் படுக்கையிலிருந்து எழுந்து வந்து மேசைக் காலைப் பிடித்துக்கொண்டீர்கள்.

“ஏறாதப்பா. அடச்சா மட்டும் போதாது. பியூஸைப் புடுங்கு.”

மணியம் சிரித்தார். “பல்புதான் எரியலையே மாமா. பயப்படாதீங்க லா.”

பியூஸ் பெட்டி தௌக்கே வீட்டில் இருந்தது. மூன்று வீட்டுக்கும் சேர்த்து ஒன்றுதான். அதைப் பிடுங்கச் சொன்னால் எதற்கு என்று கேட்பார். ஹோல்டரை மாற்றுவது தெரிந்தால் வீட்டைக் காலி பண்ணச் சொல்வார் என்று நான் பயந்தேன். குமரன் அப்போது கைக்குழந்தை. நோயாளி ஒருவரையும் கைக்குழந்தையையும் வைத்துக்கொண்டு எங்கே போய் வீடு தேடுவேன்? ஐந்து நிமிட வேலைதானே என்று தோன்றியது.

மணியம் மேசை மேல் ஏறிவிட்டார். நீங்கள் மேசையை ஆட்டினீர்கள். அவர் தடுமாறினார். அப்போது நான் செய்ததை இதுவரை யாரிடமும் சொன்னதில்லை. உங்கள் பக்கத்தில் வந்து, மேசைக் காலைப் பிடித்திருந்த உங்கள் விரல்களை ஒவ்வொன்றாகப் பிரித்தேன். மாமனாரின் கையை மருமகள் தொட்டு இழுத்தது அதுதான் முதல் தடவை. எவ்வளவு இறுகப் பிடித்திருந்தீர்கள், மாமா. நகம் வெளுத்திருந்தது.

“நல்லதுக்குத்தானே மாமா செய்றோம். தள்ளுங்க,” என்றேன். குரலை உயர்த்தித்தான் சொன்னேன்.

உங்கள் கடைசி விரலும் விட்டுப்போனது. மேலே மணியம் இடது கையால் கூரைத் தகரத்தைத் தாங்கும் இரும்புப் பட்டையைப் பிடித்துக்கொண்டு, வலது கையை ஹோல்டருக்குக் கொண்டுபோனார். அப்போது நீங்கள் அவரைப் பார்த்துப் பேசவில்லை. என்னைப் பார்த்துச் சொன்னீர்கள்.

“தாயி, எம்மூத்த மவன் இப்பிடித்தான் ஏறுனான். நாந்தான் சுவிச்ச அடச்சேன். நாந்தான் ஏறுடான்னு சொன்னேன்.”

மணியத்தின் கை நின்றுவிட்டது. அவர் கீழே உங்களைப் பார்த்தார், பிறகு என்னைப் பார்த்தார். சட்டைப் பையிலிருந்து டெஸ்டரை எடுத்தார். உள்ளே சின்ன விளக்கு வைத்த திருப்புளி அது. பல்பைக் கழற்றி, இரும்புப் பட்டையிலிருந்து கையை எடுத்துவிட்டு, டெஸ்டரின் நுனியை ஹோல்டருக்குள் வைத்தார்.

சிவப்பாக எரிந்தது.

சுவரில் சுவிச்சு அடைத்தபடியே இருந்தது. நான் போய்ப் பார்த்தேன். மணியம் இறங்கி வந்து பார்த்தார். திரும்ப ஏறி வைத்தார். திரும்பவும் எரிந்தது. இறங்கி வந்து தரையில் உட்கார்ந்துவிட்டார். அவர் நெற்றியெல்லாம் வேர்த்துவிட்டது. தொட்டிலில் குமரன் சிணுங்கியதுகூட எனக்கு எங்கிருந்தோ கேட்டதுபோல இருந்தது.

பிறகு அவர் மெதுவாக விளக்கினார். “கரண்டு ஒரு ஒயருல வரும், இன்னொண்ணுல திரும்பிப் போவும். வர்ற ஒயருலதான் சுவிச்சு இருக்கணும். இங்க எவனோ திரும்பிப் போற ஒயருல வச்சிட்டான். அடச்சா பல்பு அணையும். ஆனா மேல உசிரோடதான் இருக்கும்.”

“அப்ப, அடச்சிருந்தாலும்?” என்று கேட்டீர்கள்.

“அடச்சிருந்தாலும் மாமா.”

அதையே நீங்கள் மூன்று தடவை கேட்டீர்கள். மூன்று தடவையும் அவர் அதே பதிலைச் சொன்னார். அதற்கப்புறம்தான் நீங்கள் அந்தக் கொட்டகைக் கதையை முழுவதும் சொன்னீர்கள். சுவரைப் பார்த்தபடியே சொன்னீர்கள். நீங்கள் சுவிச்சை அடைத்தீர்கள். பல்பு அணைந்தது. இரும்பு ஏணியில் தங்கராஜு அண்ணன் ஏறினார். விழுந்த சத்தம் கேட்டதும் பதறி ஓடிப்போய் மறுபடியும் சுவிச்சைத் தட்டினீர்கள். எந்தப் பக்கம் தட்டினோம் என்று உங்களுக்கே தெரியவில்லை. ஆட்கள் வந்து பார்த்தபோது சுவிச்சு போட்டபடி திறந்து கிடந்தது. பையன் அடைக்காமலே ஏறிவிட்டான் என்று தோட்டத்துக் கணக்கரான கிராணி எழுதிக்கொண்டார். நீ அடைத்தாயா என்று அவர் உங்களைக் கேட்டார். தெரியவில்லை என்று சொன்னீர்கள்.

பதினெட்டு வருடம் அந்த ‘தெரியவில்லை’தான் உங்களைத் தின்றிருக்கிறது. பல்பு அணைந்ததைப் பார்த்த கண்ணையே நம்ப முடியாமல், நாம் அடைத்தோமா, அடைத்ததாக நினைத்துக்கொண்டோமா என்று. அத்தை சாகும்வரை, எம்புள்ள அவசரப்பட்டுட்டான் என்று சொல்லித்தான் அழுதார்களாம். நீங்கள் பக்கத்திலேயே வாயைத் திறக்காமல் உட்கார்ந்திருந்தீர்களாம். அப்படி உட்கார்ந்திருக்க எப்படி முடிந்தது மாமா?

அந்தக் கொட்டகையிலும் இப்படித்தான் ஒயர் போட்டிருந்தார்களா என்று மணியத்தைக் கேட்டீர்கள். தான் பார்க்கவில்லை என்றும், அப்படி இருந்திருக்கலாம் என்றும் சொன்னார். உறுதியாகச் சொல்லவில்லை. அவர் பொய் சொல்லத் தெரியாத மனிதர். ஆனால் அந்த ‘இருந்திருக்கலாம்’ உங்களுக்குப் போதுமாக இருந்தது. பின்பக்கம் போய்த் தொட்டித் தண்ணீரில் முகம் கழுவினீர்கள். வெகுநேரம் கழுவினீர்கள். நான் கதவோரம் நின்றிருந்தேன், கிட்டே வரத் துணிச்சல் இல்லை.

அதற்கப்புறம் நானே தௌக்கேயிடம் போனேன். எனக்குத் தெரிந்த அரைகுறை மலாயில் ஒளிக்காமல் எல்லாம் சொன்னேன். திட்டிக்கொண்டேதான் வந்தார். மணியம் காட்டியதும் அவர் முகம் மாறிவிட்டது. தன் கையாலேயே பியூஸைப் பிடுங்கிச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டு, வேலை முடிகிறவரை அங்கேயே நின்றார். மணியம் சுவிச்சின் ஒயரையும் சரிப்படுத்தி, புது ஹோல்டரை மாட்டினார். மற்ற இரண்டு வீட்டையும் பார்த்துக் கொடுக்கச் சொல்லி தௌக்கே அவரைக் கையோடு கூட்டிப்போனார். மணியத்தின் மனைவி சாயங்காலம் வரைக்கும் காத்திருந்திருப்பாள்.

விசிறி ஓடியது. நீங்கள் அதன் முன்னால் உட்கார்ந்து கண்ணை மூடிக்கொண்டீர்கள். மூச்சு சீராகியது. நான் கஞ்சி கொண்டுவந்து வைத்தபோது கேட்டீர்கள்.

“செல்வத்துக்கிட்ட சொல்லாத தாயி. இப்ப சொல்லி என்னாவப் போவுது? என்ன அவன் எப்பிடிப் பாப்பான்?”

சத்தியம் செய்தேன், மணியத்திடமும் சொல்ல வேண்டாம் என்று கேட்டுக்கொண்டேன். உங்கள் விரல்களைப் பிரித்த குற்றத்துக்கு அதையாவது செய்ய வேண்டும் என்று நினைத்தேன். நீங்கள் இருந்தவரை காப்பாற்றினேன். நீங்கள் போன பிறகும் காப்பாற்றினேன்.

இந்தத் தீபாவளிக்கு ஆயர் தாவாரிலிருந்து உங்கள் மகள் பொன்னம்மா வந்திருந்தார். அவர் மகன் பாலன் ஒயரிங் வேலை கற்றுக்கொள்ளச் சேர்ந்திருக்கிறான். ஒன்பது பேர் சாப்பிட்டுக்கொண்டிருக்கும்போது பொன்னம்மா அண்ணி அவனிடம் சொன்னார்: “பெரிய மாமா மாதிரி அவசரப்பட்டுச் செத்துக் கித்துப் போவாத.” எல்லாரும் தலையாட்டினார்கள். இறந்த ஒரு மனிதரை வருடா வருடம் எல்லாரும் சேர்ந்து இப்படிச் சொல்கிறார்கள். அவர் பக்கம் பேச ஒருவரும் இல்லை. அங்கே தெரிந்தவள் நான் ஒருத்திதான். நானும் ரசத்தைப் பரிமாறிக்கொண்டு நின்றேன்.

இன்னொன்றும் இருக்கிறது, மாமா. பாலன் போய் வேலை செய்யப்போகிற வீடுகளிலும் இப்படித் தப்பாகப் போட்ட சுவிச்சுகள் இருக்கும். அவசரப்படாதே என்றால் மட்டும் அவன் உயிர் தப்புமா?

போன வாரம் உங்கள் மகனிடம் சொன்னேன். முழுவதும் கேட்டார். அப்புறம், “எங்கிட்ட ஒளிச்சு வச்சி யாரைக் காப்பாத்துன?” என்றார். குமரன் பிறந்தபோது அண்ணன் பெயரை வைக்கலாம் என்று சொந்தக்காரர்கள் கேட்டார்களாம். அவசரக்காரன் பெயர் வேண்டாம் என்று தான் சொல்லிவிட்டதாகச் சொன்னார். சொல்லிவிட்டு எழுந்து வெளியே போய்விட்டார். திங்கட்கிழமை என்னிடம் ஒரு வார்த்தை பேசாமலே கமுந்திங்குக்குப் பஸ் ஏறினார்.

உங்கள் மேல் கோபமா, என் மேல் கோபமா என்று தெரியவில்லை. நேற்று பக்கத்து வீட்டுக்குப் போன் போட்டுக் கூப்பிட்டார். ஞாயிற்றுக்கிழமை ஆயர் தாவாருக்குப் போவோம் என்றார், அப்புறம் இரண்டே வரிதான் பேசினார். “அப்பாவ நெனச்சாதான் தாங்கல. தனியா எப்பிடிச் சுமந்தாரு?” அவர் உங்களை எப்படிப் பார்ப்பார் என்று பயந்தீர்களே. இப்படித்தான் பார்க்கிறார்.

இந்தக் கடிதத்தைப் பத்திரிகையின் நினைவஞ்சலிப் பக்கத்துக்கு அனுப்புவதாக இருக்கிறேன். அதற்கு முன்னால், வருகிற ஞாயிற்றுக்கிழமை நாங்கள் இருவரும் ஆயர் தாவாருக்குப் போகிறோம். அண்ணி அழுவார், என்னை ஏசினாலும் ஏசுவார். பாலனைப் பக்கத்தில் உட்கார வைத்துக்கொண்டுதான் பேசுவேன். உன் பெரிய மாமா அவசரப்படவில்லை, சொன்ன பேச்சைக் கேட்டுத்தான் ஏறினார் என்று சொல்வேன். உன் தாத்தா சுவிச்சை அடைத்தார் என்றும் சொல்வேன். கிராணியிடம் நீங்கள் சொல்லாமல் விட்டதை உங்களுக்காக நான் சொல்லிவிட்டு வருகிறேன், மாமா.

சத்தியத்தை மீறிய,
உங்கள் மருமகள்
சிவகாமி