பதிவேட்டில் உமது பெயர்

அன்புள்ள ஜெசிந்தாவுக்கு,

நீர் லண்டனின் மற்றப் பக்கம், குட்மேய்ஸில் இருக்கும் உமது அக்கா வீட்டுக்குப் போய் மூன்று கிழமை ஆகிறது. போனை எடுக்கிறீர் இல்லை, அதனால் எழுதுகிறேன். கடை நன்றாகப் போகிறது. நான் வைக்கும் சோறுதான் குழைகிறது.

கோயிலுக்கு ஒழுங்காக வரும் குடும்பங்களுக்கே இடம் தரும் அந்த அங்கிலிக்கன் பள்ளிக்கூடத்தில் மகளைச் சேர்க்க, இரண்டு வருடமாக ஞாயிறுதோறும் அவர்களின் கோயிலுக்குப் போய் வரவுப் பதிவேட்டில் கையெழுத்து வைத்தேன். கத்தோலிக்கப் பூசையை விட்டுவிட்டு வர நீர் மறுத்தீர். உமது கையெழுத்தையும் நானே வைத்தேன். அதை அறிந்துதான் நீர் போனீர். அது என் பிழை.

நேற்று அவள் சரித்திரப் பாடம் வாசித்தாள். முதலாம் எலிசபெத் ராணி காலத்தில், ராணியின் அங்கிலிக்கன் கோயிலுக்குப் போகாத கத்தோலிக்கருக்கு அபராதமாம். சில வீடுகளில் சொத்தைக் காப்பாற்றப் புருசன் மட்டும் போவானாம். மனைவி போகவே மாட்டாளாம். வீட்டில் கத்தோலிக்கக் குருவானவரை ஒளித்து வைப்பாளாம்.

"இது எங்கட அம்மாவெல்லோ!" என்றாள்.

"ஓம். அந்தப் புருசன் நான். அந்தாளும் என்னைப்போல யாவாரம் தெரிஞ்ச மனுசன்."

"அந்தாள் மனுசியின்ரை கையெழுத்தையும் வைச்சவரோ, அப்பா?"

இன்று கடையைப் பூட்டிவிட்டு அங்கிலிக்கன் கோயில் குருவான விக்காரிடம் போய் உண்மையைச் சொன்னேன். பக்கம் பக்கமாக உமது பெயரை என் கையாலேயே கோடு போட்டு வெட்டினேன். இனிப் பள்ளிக்கூடத்துக்குச் சான்றுக் கடிதம் தரமுடியாது என்றார். அந்த இடம் இனிக் கிடைக்காது என்று மகளிடமும் சொல்லிவிட்டேன். அழுதாள், பிறகு சாப்பிட்டாள்.

ஞாயிறு காலை உம்மைப் பூசைக்குக் கூட்டிப்போக கடை வானை ஓட்டிவந்து அக்கா வீட்டு வாசலில் நிற்பேன். நானும் உள்ளே வரலாமா என்பதை நீர்தான் சொல்லவேண்டும்.

இப்படிக்கு,
உமது வீட்டுக்காரன்