தேக்கடிக்கு நாங்களே போகிறோம்

நெய்வேலி
7-12-1965

அன்புள்ள அம்மாவுக்குச் செண்பகவல்லி வணக்கத்துடன் எழுதுவது. நான் சுகமாக இருக்கிறேன். இந்தப் பனிக்கு உங்கள் மூட்டுவலி எப்படி இருக்கிறது?

பதறாதீர்கள், இங்கே ஒரு சின்னச் சண்டை. எங்கள் டெலிபோன் எக்ஸ்சேஞ்சில் எல்லோருமாகப் பொங்கல் லீவில் தேக்கடிக் காட்டுக்கும் ஏரிக்கும், திரும்பும்போது கொடைக்கானல் ஏரிக்கும் போவதாக ஏற்பாடு. நானும் ருக்குமணியும் கண்ணகியும் ஆசையாகப் பெயர் கொடுத்தோம். ஏற்பாட்டைக் கவனிக்கிற பன்னீர்செல்வம் நேற்று எல்லோர் முன்னாலும் சொல்கிறார்: “நீங்க வர்றதால சமையல்காரன் வேணாங்க. நாங்க படகுல போயி யானையப் பாத்துகினு வர்றதுக்குள்ள நீங்க சோறு ஆக்கிடலாம்.”

எனக்கு உடம்பெல்லாம் எரிந்தது. அவர்களைப் போலத்தானே நாங்களும் ஷிப்ட் பார்க்கிறோம்? கம்மாபுரத்துக்காரி ருக்குமணி விடவில்லை. “யானைய நாங்க பாத்துகினு வர்றோம். நீங்க ஆக்கி வைங்க” என்றாள். அவருக்குக் கோபம் வந்து, எங்கள் மூவருக்கும் பஸ்ஸில் இடமில்லை என்று சொல்லிவிட்டார். “ஆம்பளத் துணை இல்லாம காட்டுக்குப் போயிடுவீங்களா?” என்று சிரிப்பு வேறு!

போகத்தான் போகிறோம். மதுரை வரை ரயில், அங்கிருந்து பஸ். லீவும் எழுதிக் கொடுத்துவிட்டோம்.

என் கம்பளிச் சால்வையும் கொஞ்சம் கருப்பட்டியும் வேண்டும். பார்சலில் அனுப்பாமல் நீங்களே மதுரைக்குக் கொண்டுவந்து, எங்களோடு தேக்கடிக்கு வாருங்கள். நாள் முழுக்க யார் யார் குரலையோ இணைத்துவிடுகிறேன், உங்கள் குரலைக் கேட்கத்தான் வழியில்லை.

ஷிப்டுக்கு நேரமாகிவிட்டது. அண்ணன் தடுத்தால், நான் கூப்பிட்டதாகச் சொல்லாதீர்கள். உங்களுக்கே போக ஆசை என்று சொல்லுங்கள்.

உங்கள் மகள்
செண்பகவல்லி