‘டூட்’ என்ற சொல்லும் ஒரு கோட்டும்

ஜூன் 3

அன்புள்ள மாமாவுக்கு,

நலம். நீங்களும் நலமாக இருந்து எனக்கொரு வழி செய்யுங்கள். நான் கட்டிக்கப் போகிறவரை அப்பாவின் தையல் கடைக்குக் கூட்டிப் போனேன். வாசலிலேயே அப்பாவிடம், “ஹாய் டூட்” என்றார். ஆபீஸில் எல்லாரையும் அப்படிக் கூப்பிட்ட பழக்கம். அப்பா கத்திரிக்கோலைக் கீழே வைத்தார். அதோடு சரி, என்னிடமும் பேச்சில்லை. இருபத்தெட்டாம் தேதி பதிவுத் திருமணம். அப்பா வராமல் நான் கையெழுத்துப் போட மாட்டேன்.

உங்கள் மருமகள்

ஜூன் 7

மகாராணியின் சமூகத்துக்கு,

உன் கடிதம் கண்டதும் நூலகத்தை முற்றுகையிட்டேன். அகராதிகள் நடுங்கித் தாமாகவே திறந்துகொண்டன. நூறு வருஷத்துக்கும் முன்னால் அமெரிக்காவில், உடுப்பே உலகமென்று திரிந்த மைனர்களைக் கேலி செய்யக் கிளம்பிய சொல்லாம். பிறகு பண்ணையை வேடிக்கை பார்க்கப் போன பட்டணத்துக்காரன்மேல் ஒட்டிக்கொண்டது. இப்போது சிநேகிதனும் டூட், வழிப்போக்கனும் டூட். வியப்புக்கும் அதுதான், சலிப்புக்கும் அதுதான். அதைப் பெற்றவர் யாரென்று மட்டும் யாருக்கும் உறுதியாகத் தெரியாது.

நானும் என் குடையுமாகப் படையெடுத்துப் போய் இத்தனையையும் உன் அப்பாவிடம் முழங்கினேன்.

“ஏன் மச்சான், மாமனாரை அப்படிக் கூப்பிடலாம்னு உன் அகராதில போட்டிருக்கா?”

போட்டிருக்கவில்லை. படை பின்வாங்கியது.

சொல்லாராய்ச்சிச் சக்கரவர்த்தி,
உன் மாமா

ஜூன் 11

மாமா,

சிரிப்பு வரவில்லை. மன்னிப்புக் கேட்க அவர் மூன்று நாளாகப் போன் செய்கிறார், அப்பா எடுக்கவில்லை. “கல்யாணத்தைத் தள்ளி வெச்சுக்கலாமா?” என்று அவரே என்னைக் கேட்கிறார். தள்ளிப்போனால் இது நடக்காது என்று எங்கள் இரண்டு பேருக்கும் தெரியும். அப்பா வருவாரா, மாட்டாரா? ஒரே வரி எழுதுங்கள். இல்லையென்றால் பதிவு ஆபீஸில் தேதியை ரத்து செய்துவிடுவேன்.

மருமகள்

ஜூன் 14

என் கண்ணுக்கு,

நம் பரம்பரையில் ஒரே வரியில் நிறுத்தியவர் கிடையாது. பொறுத்துப் படி.

இன்று உன் அப்பா தானாகவே வாய் திறந்தார். “அன்னிக்கு அந்தப் பையன் போட்டுட்டு வந்த கோட்டு, இடது தோள் தொங்குது மச்சான். எவன் தெச்சான் அதை?”

“ரெடிமேடா இருக்கும்.”

“அதை மாட்டிக்கிட்டா என் பொண்ணு பக்கத்துல நிக்கப் போறான்?”

அளவை எழுதி அனுப்பச் சொல்லட்டுமா என்றேன். எழுதி வந்த அளவுக்கு அவர் துணி வெட்டியதே இல்லையாம். ஆள் நேரில் நிற்க வேண்டுமாம்.

தேதியைத் தொடாதே. அவனை உடனே கூட்டி வா. கோபம் இறங்கிவிட்டதா என்று என்னைக் கேட்காதே. அளவெடுக்கும்போது உன் அப்பாவின் வாயில் குண்டூசிகள் இருக்கும், அவரால் பேச முடியாது. உன் ஆள் வாயிலும் நாலைந்து கொடுத்து வை.

மாமா