வேலையோட வர்ற வீடு

அன்புள்ள அம்மாவுக்கு,

அன்பரசி வணங்கி எழுதுறேன். முட்டி வலி எப்படி இருக்கு? தம்பி வீட்டு மாடிப்படி ஏற முடியுதா? உறையில பழக்கத்துல எஸ்டேட் லைன் முகவரிய எழுதிட்டேன். அப்புறம் அதை அடிச்சிட்டுத் தம்பி இருக்கிற ரிங்லெட்னு எழுதினேன்.

நீங்க ரிட்டயர் ஆகி எஸ்டேட் ஆபீஸ் கிராணிகிட்ட வீட்டுச் சாவிய ஒப்படைச்ச அன்னிக்குத்தான் இங்க டென்மார்க்கில எனக்கு இன்டர்வியூ. தேதிய மாத்தித் தாங்கன்னு நான் கேட்டிருக்கலாம். கேக்கல. யூனிவர்சிட்டியில ஈஸ்ட் வளர்த்து மருந்து செய்யிற ஆராய்ச்சிக்கெல்லாம் தலைமைப் பொறுப்பு அது.

எட்டு பேர் உட்கார்ந்து கேள்வி கேட்டாங்க. கடைசியில, வேலையோட வீடும் உண்டு, வேலை முடிஞ்சா முப்பது நாள்ல காலி பண்ணணும்னாங்க. எனக்குச் சிரிப்பு வந்துருச்சு. எங்கம்மாவுக்கும் இதே சட்டம்தான்னு சொன்னேன். உங்க அம்மாவும் புரொபசரான்னு ஒருத்தர் கேட்டார். முப்பத்தாறு வருஷம் தேயிலைக் கொழுந்து எடுத்தவங்கன்னு சொன்னேன்.

வேலை கிடைச்சிருச்சும்மா. சொந்த வீட்டுல இருக்கணும்னுதானே என்னைப் படிக்க வச்சீங்க. அது இன்னும் நடக்கல.

லைன் வீட்டு அடுப்படி சன்னல்ல தொங்கின பச்சை லங்சிர் துணிய எடுத்துட்டு வந்திருந்தா அனுப்புங்க. இங்க உள்ள சன்னல அளந்து பார்த்தேன், சரியா இருக்கும். விட்டுட்டு வந்திருந்தா போய்க் கேக்க வேணாம். அங்க இப்ப வேற ஆளுங்க இருப்பாங்க.

பஸ்ஸுக்கு நேரமாச்சு.

உங்க மக,
அன்பரசி